இரண்டாவது டீ

“மாமா, ஒரு டீ குடிச்சா எடுக்க மாட்டேங்குது. ரெண்டாவது டீ குடிச்சா எடுத்துக்குது.”

ஞாயிற்றுக்கிழமை காலை, செருப்பைக் கழற்றும்போதே அக்கா மகன் இப்படித்தான் ஆரம்பித்தான். கேட்டால் ஏதோ விடுகதை மாதிரி இருக்கும். விஷயம் அவனுடைய கார். திண்டுக்கல்லில் வேலை, வாரக் கடைசியில் திருச்சிக்கு வருவான். வழியில் மணப்பாறையில் ஒரு டீ. குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி கப்சிப். மறுபடி கடைக்குப் போய் இன்னொரு டீ, ஒரு முறுக்குப் பொட்டலம், அரை மணி நேரம். வந்து திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல எடுத்துக்கொள்ளும்.

வண்டி அவன் அப்பா வாங்கியது. 1997 மாடல், மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று நின்ற சின்னக் கார். விற்கவும் மனசு வரவில்லை. மூன்று மாதமாக இந்தக் கதை நடக்கிறது. முதலில் பேட்டரி பழசு என்றார்கள், புதுசு போட்டான். பிறகு செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்றார்கள்; பழையதைக் கொடுத்துவிட்டு ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டினான். அடுத்த வாரமே மணப்பாறையில் இரண்டாவது டீ.

நான் மெக்கானிக் இல்லை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். கார் ஒயரிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ஒரு பாயிடம் சாயங்கால நேரங்களில் உட்கார்ந்து தெரிந்துகொண்டது. யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் ஸ்பேனரை எடுக்க மாட்டார். ஒரு கேள்விதான் கேட்பார். அதையே நானும் கேட்டேன்.

“சாவியைத் திருப்பும்போது ‘டக்’னு சத்தம் கேட்டுச்சா?”

“தெரியல மாமா. பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

அங்கேதான் மூன்று மாதமும் ஒரு பேட்டரியும் ஒரு செல்ஃப் மோட்டாரும் போயிருக்கின்றன.

டீ வந்தது. முதலில் பேச்சில் இருக்கிற ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘வண்டி ஸ்டார்ட் ஆகலை’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வேறு நோய்களைச் சொல்கிறோம். செல்ஃப் சுற்றுகிறது, ‘கிர்ர் கிர்ர்’ என்று எஞ்சின் உருளுகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது பெட்ரோல், பிளக், காயில் சம்பந்தப்பட்ட கதை. செல்ஃபே எடுக்கவில்லை, எஞ்சின் அசையவே இல்லை என்றால் பெட்ரோலுக்கும் பிளக்குக்கும் அதில் பங்கே இல்லை. இவனுடையது இரண்டாவது. தள்ளினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது என்றான். அப்படியென்றால் எஞ்சின் பக்கம் எல்லாம் சுகம்; அதைச் சுற்றிவிட வேண்டிய ஆள்தான் மக்கர் செய்கிறான்.

அந்த ஆளுக்கு நம் ஊரில் ‘செல்ஃப்’ என்று பெயர் வந்ததற்கே ஒரு பின்கதை உண்டு. காரின் முன்பக்கத்தில் ஹேண்டில் செருகி, கையால் சுற்றித்தான் ஒரு காலத்தில் ஸ்டார்ட் செய்தார்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு முறியும். அதனால் கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்கக் கூடாது, மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். நம் அம்பாசடரில்கூட ஹேண்டில் போட முன்னால் ஓட்டை இருந்தது. கை இல்லாமல் வண்டி தானே ஸ்டார்ட் ஆகும் என்பதால் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’. நாம் பின்பாதியை விட்டுவிட்டு ‘செல்ஃப்’ஐ மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதைக் காருக்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். 1912 மாடல் கேடிலாக் காரில் அது வந்தது. அதற்கு முன் அவர் ஒரு கல்லாப்பெட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்லாப்பெட்டியைத் திறக்க ஒரு சின்ன மின்மோட்டார் போட்டவர். எஞ்சினைச் சுற்ற எவ்வளவு பெரிய மோட்டார் வேண்டும் என்று மற்றவர்கள் மலைத்துக்கொண்டிருந்தபோது, அவருக்கு அந்தக் கல்லாப்பெட்டிப் பாடம் உதவியது. நாள் முழுக்க ஓட வேண்டிய மோட்டார் வேறு, சில நொடிகள் மட்டும் உழைத்துவிட்டு ஓய்வெடுக்கிற மோட்டார் வேறு. சில நொடிதான் என்றால் சின்ன மோட்டாரையே தாங்கும் அளவுக்கு மேல் விரட்டலாம்.

“அதுக்கும் என் வண்டிக்கும் என்ன மாமா சம்பந்தம்?”

சம்பந்தம் இதுதான். ஒரு கைப்பிடிக்குள் அடங்குகிற மோட்டார் ஒரு எஞ்சினையே உருட்டுகிறது என்றால், அந்தச் சில நொடிகளில் அது குடிக்கிற கரண்ட் கொஞ்சநஞ்சமல்ல. உன் சின்ன வண்டியிலேயே சுமார் 100 ஆம்பியர். பெரிய எஞ்சின் என்றால் 200, டீசல் என்றால் இன்னும் மேலே. ஒரு ஹெட்லைட் பல்பு 4, 5 ஆம்பியர்தான். காரில் மற்ற எதுவும் செல்ஃப் பக்கத்தில்கூட வர முடியாது. ‘செல்ஃபைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதே’ என்று சொல்வதும் இதனால்தான்.

“ஆனா மாமா, லைட்டெல்லாம் பளிச்சுனு எரியுதே. அப்புறம் எப்படி கரண்ட் வரலைன்னு சொல்ல முடியும்?”

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பேட்டரி டெர்மினலில் பச்சை பூத்து, இணைப்பில் ஒரு 0.05 ஓம் தடை சேர்ந்துவிட்டது என்று வை. ஓமின் விதி பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்: கரண்டைத் தடையால் பெருக்கினால் அந்த இடத்தில் இழக்கிற வோல்ட். லைட் கேட்பது 5 ஆம்பியர். 5 தரம் 0.05 என்றால் கால் வோல்ட். பன்னிரண்டில் கால் போனால் உன் கண்ணுக்குத் தெரியாது. லைட் பளிச்சென்றுதான் எரியும். செல்ஃப் கேட்பது 100. அதே இடத்தில் இப்போது 5 வோல்ட் போக வேண்டும். உண்மையில் அவ்வளவு கரண்ட் அந்த இடுக்கில் நுழையவே முடியாது; செல்ஃப் முனகிவிட்டு நிற்கும். மேல்தொட்டிக் குழாயில் பாதி உப்பு அடைத்திருந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும்போது தெரியாது; வாளியை வைத்து முழுசாகத் திறந்தால்தானே தெரியும்? லைட் எரிவதும் ஹாரன் அடிப்பதும் டம்ளர் தண்ணீர். செல்ஃபுக்கு அவை சாட்சி சொல்ல முடியாது.

ஆனால் லைட்டை வேறு விதமாகச் சாட்சிக்கு இழுக்கலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. எரிகிற லைட் என்ன செய்கிறது என்று பார். இரவென்றால் எதிர்ச் சுவரிலேயே தெரியும். லைட் அடியோடு செத்துப்போனால் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது பேட்டரி முனையிலேயே பிடிப்பு இல்லை. நன்றாக மங்கியும் செல்ஃப் சுற்றவில்லை என்றால் கரண்ட் போகிறது, ஆனால் சுற்ற முடியாமல் எங்கேயோ மாட்டியிருக்கிறது. லைட் அசையவே இல்லை என்றால் செல்ஃப் வரை கரண்ட் போகவே இல்லை.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். “எந்த வழியா போகுது?”

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பெரிய சாலை: பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து விரல் தடிமன் கேபிள், செல்ஃபின் மேல் உட்கார்ந்திருக்கிற சொலனாய்டு, மோட்டார், எஞ்சின் உடம்பு, அங்கிருந்து எர்த் கேபிள் வழியாகப் பேட்டரியின் மைனஸ். இன்னொன்று சந்து: பேட்டரியிலிருந்து சாவி சுவிட்ச், அங்கிருந்து மெல்லிய ஒயர் ஒன்று சொலனாய்டின் சின்ன முனைக்கு. சந்தில் வருகிற கரண்ட் சொலனாய்டைத் தூண்டும்; சொலனாய்டு உள்ளே ஒரு இரும்புத் தண்டை இழுத்து இரண்டு வேலை செய்யும். பெண்டிக்ஸ் பல்சக்கரத்தை ஃப்ளைவீல் பல்லில் தள்ளிக் கோர்க்கும். கோர்த்த கையோடு ஒரு செம்புத் தட்டை இரண்டு போல்ட்டுக்கு நடுவே அழுத்திப் பெரிய சாலையைத் திறக்கும். அந்தத் தண்டு போய் முட்டுகிற சத்தம்தான் பாய் கேட்ட ‘டக்’.

இப்போது புரியும், அவர் ஏன் அதை முதலில் கேட்டார் என்று. ‘டக்’ கேட்டால் சந்து வேலை செய்கிறது. குற்றம் பெரிய சாலையில், அல்லது மோட்டாருக்குள். ‘டக்’ கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் சந்தில்தான் தேட வேண்டும். ஒரே கேள்வியில் பாதிக் காரைத் தள்ளி வைத்துவிடலாம். ‘டடடடட’ என்று மெஷின் கன் மாதிரி அடித்தால் அது மூன்றாவது வகை: சொலனாய்டு இழுக்கிறது, மோட்டார் கரண்ட் கேட்கிறது, வோல்ட் விழுகிறது, சொலனாய்டு விடுகிறது, வோல்ட் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. பத்தில் ஒன்பது தடவை சோர்ந்த பேட்டரியோ, டெர்மினல் பிடிப்போதான். செல்ஃப் மட்டும் ‘ஸ்ர்ர்ர்’ என்று வெறுமனே சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பெண்டிக்ஸ் போய்விட்டது. அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

ஒற்றை ‘டக்’ மட்டும் கேட்டு நிற்கிற வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படிப்பட்ட வண்டியில் டிரைவர் கீழே குனிந்து வீல் ஸ்பேனரால் செல்ஃப் மேல் இரண்டு தட்டு தட்டுவார், எடுத்துக்கொள்ளும். மந்திரம் இல்லை. உள்ளே கார்பன் தேய்ந்து குட்டையாகி, ஸ்பிரிங் அதை ஆர்மெச்சூர் மேல் அழுத்த முடியாமல் கூட்டிலேயே சிக்கியிருக்கும். தட்டினால் சரிந்து உட்காரும். சொலனாய்டுக்குள் செம்புத் தட்டு கருகியிருந்தாலும் இந்த அடிக்குக் கட்டுப்படும். தட்டினால் எடுக்கிற செல்ஃபை இறக்கிக் கார்பன் மாற்றிவிட வேண்டும். தட்டுவதையே பழக்கமாக்கிக்கொண்டால் ஒருநாள் மழையில் தண்ணீர் தேங்கிய இடத்தில் படுத்துத் தட்ட வேண்டி வரும்.

“அப்ப எனக்கு எர்த் பிரச்சினையா இருக்குமா? ஒருத்தர் அப்படிச் சொன்னார்.”

இருக்கலாம், பழைய வண்டிகளில் அது பெரிய வியாதி. எல்லோரும் பிளஸ் கேபிளைத்தான் பார்ப்பார்கள். போன கரண்ட் அதே அளவு திரும்பி வரவேண்டும் என்பதை மறந்துவிடுவார்கள். எஞ்சின் ரப்பர் மவுண்டில் மிதக்கிறது. அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டையோ கேபிளோதான் பாலம். அது இற்றுப்போனால் 100 ஆம்பியர் வேறு வழி தேடும். ஆக்சிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் என்று எஞ்சினையும் பாடியையும் தொடுகிற எந்த உலோகத்திலும் புகும். செல்ஃப் அடித்தபின் ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டால், அல்லது அதன் உறை உருகியிருந்தால், எர்த்தைப் பார். பாயின் பட்டறைக்கு அப்படி ஒரு வண்டி வந்தது. மூன்று தடவை ஆக்சிலரேட்டர் கேபிள் மாற்றியிருந்தார் ஓனர். கேபிள் தரமில்லை என்று கடைக்காரரோடு சண்டை வேறு. பாய் ஒரு ஜம்பர் கேபிளை எடுத்துப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் கட்டைக்குக் கொடுத்தார். செல்ஃப் சீறிக்கொண்டு சுற்றியது.

ஜம்பர் போட்டுப் பார்ப்பது ஒரு வழி. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நிதானமாகப் பார்க்கலாம். இங்கே பலர் ஒரு தப்பு செய்கிறார்கள். ஒயரைக் கழற்றி ஓம் பார்க்கிறார்கள். மீட்டர் ‘பூஜ்யம், நல்லா இருக்கு’ என்கிறது. நாற்பது இழை கொண்ட கேபிளில் ஒரு இழை மட்டும் மிச்சமிருந்தாலும் அது அப்படித்தான் சொல்லும். சாதாரண மீட்டருக்கு 0.05 ஓமைச் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கரண்ட் ஓடும்போது எவ்வளவு வோல்ட் எங்கே தொலைகிறது என்று பார்ப்பதுதான் முறை.

நியூட்ரல், ஹேண்ட்பிரேக். எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்கக் காயிலின் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டேன். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கொம்பிலேயே குத்த வேண்டும். கிளாம்பில் குத்தினால் கொம்புக்கும் கிளாம்புக்கும் நடுவில் ஒளிந்திருக்கிற திருடன் தப்பிவிடுவான். மறு முனை செல்ஃப் போல்ட்டில். இன்னொருவர் சாவியைத் திருப்ப வேண்டும். சும்மா இருக்கும்போது மீட்டர் சின்ன எண் எதையாவது காட்டும், கவலை வேண்டாம். செல்ஃப் சுற்றுகிற அந்த இரண்டு மூன்று நொடியில் என்ன காட்டுகிறது என்பதுதான் கணக்கு. பிளஸ் பக்கம் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மைனஸ் கொம்புக்கும் எஞ்சின் கட்டைக்கும் நடுவே 0.2, மிஞ்சினால் 0.3. பேட்டரி முனையில் சுற்றும்போது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது.

வாசலில் நின்ற காரில் பார்த்தோம். பிளஸ் 0.3, எர்த் 0.15, பேட்டரி 10.6. பெரிய சாலை கண்ணாடி மாதிரி இருந்தது. காலையில், குளிர்ந்த எஞ்சினில்.

“எல்லாம் சரியா இருக்கே” என்றான், கொஞ்சம் ஏமாற்றமாக.

எல்லா மெக்கானிக்கும் அவனிடம் சொன்னதும் இதேதான். ‘இப்ப நல்லாத்தானே எடுக்குது?’ வந்து வந்து போகிற நோயின் தொல்லையே இது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுவிடும். அந்த நேரத்தில் எதையாவது ஒன்றை மாற்றி அனுப்பிவிடுவதுதான் சுலபம். அதைவிட மோசம், தேடுகிறேன் என்று டெர்மினலை ஆட்டுவது, கப்ளரைக் கழற்றி மாட்டுவது. ஆட்டினதில் பிடிப்பு தற்காலிகமாகச் சரியாகிவிடும், ஒரு மாதம் வண்டி ஓடும், எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. வண்டி எடுக்காத அந்த நிமிடத்தில் எதையும் தொடாமல் பார்க்கிற பொறுமை வேண்டும். மணப்பாறையில் நான் இல்லையே. எனக்குப் பதிலாக ஒரு சாட்சியை வண்டியில் உட்கார வைத்தேன்.

மீட்டர் போர்டில் எரிகிற குட்டி பல்பு ஒன்று. அதன் ஒரு ஒயரை சொலனாய்டின் சின்ன முனையில், சந்து வந்து சேருகிற இடத்தில், ஏற்கெனவே இருக்கிற ஒயரோடு சேர்த்துக் கட்டினேன். சேர்த்த ஒயருக்கு அரை ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றும் போட்டேன். பானெட்டுக்குள் எங்காவது உராய்ந்து பாடியைத் தொட்டால் தீப்பிடிக்கக் கூடாதே. மறு ஒயர் பாடியில். பல்பு ஸ்டீரிங்குக்கு அடியில் தொங்கியது. சாவியைத் திருப்பினால் எரியும், விட்டால் அணையும்.

“எடுக்காத அன்னைக்கு மறுபடி மறுபடி திருப்பாதே. பாட்டை நிறுத்து. ஒரே தடவை திருப்பி, பல்பைப் பாரு, காதைக் குடு. நல்லா எரிஞ்சுதா, மங்கலா எரிஞ்சுதா, எரியவே இல்லையா? ‘டக்’ உண்டா இல்லையா? எழுதி வெச்சுக்க.”

பல்பு நன்றாக எரிந்தும் ‘டக்’ இல்லை என்றால் சொலனாய்டே குற்றவாளி. பல்பும் எரியவில்லை என்றால் சாவி சுவிட்சோ ஒயரோ அறுந்திருக்கிறது. புது வண்டிகளில் கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் என்று ஒரு சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் எடுக்கும் என்று ஒரு சுவிட்ச், சாவியை அடையாளம் பார்க்கிற இம்மொபிலைசர் என்று சந்தில் இன்னும் பல காவல்காரர்கள் உண்டு. இவன் வண்டியில் அதெல்லாம் இல்லை என்பதே ஒரு நிம்மதி.

இரண்டு வாரம் கழித்து மணப்பாறையிலிருந்து போன். “மாமா, எடுக்கல. ‘டக்’ இல்ல. பல்பு மங்கலா, சிவப்பா எரியுது.”

எனக்கு அது லாட்டரி விழுந்த மாதிரி. எரியாமல் போவதைவிட மங்கலாக எரிவது அதிகம் சொல்கிறது. வழி அறுபடவில்லை, வழியில் யாரோ வோல்ட்டைத் தின்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு மணப்பாறையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தோம். வெயில் ஏறினபின் அவன் காரை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்து நிறுத்தினான். பானெட்டைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் காத்திருந்தோம். வண்டி நின்றதும் தண்ணீர் ஓட்டம் நிற்கும், காற்றும் நிற்கும். எஞ்சினுக்குள் இருந்த சூடெல்லாம் மெல்ல வெளியே கசியும். அடுப்பை அணைத்தபின் மூடியைத் திறக்காத இட்லிச் சட்டி மாதிரி. ஓடும்போது இருந்ததைவிட, நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் பானெட்டுக்குள் வேக்காடு அதிகம். முதல் டீக்கு ஆகிற நேரமும் அதுதான்.

செம்புக்கு ஒரு குணம் உண்டு: ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அதன் தடை சுமார் 0.39 சதவீதம் ஏறும். சொலனாய்டின் சுருள் 30 டிகிரியிலிருந்து 90க்குப் போனால் தடை கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடிவிடும். தடை கூடினால் கரண்ட் குறையும், கரண்ட் குறைந்தால் இழுக்கிற பலம் குறையும். பெரும்பாலான சொலனாய்டுகள் குளிர்ந்திருக்கும்போது 8 வோல்ட் கொடுத்தாலே இழுத்துவிடும். சூட்டில் இன்னும் அதிகம் கேட்கும். சந்து முழு வோல்ட்டையும் கொண்டுவந்து கொடுத்தால் இந்தச் சூடு ஒரு பொருட்டே இல்லை. கொடுக்கவில்லை என்றால்தான் வம்பு.

திருப்பினான். ‘டக்’ இல்லை. பல்பு மங்கல். “கையை எடுத்துடு” என்று சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தேன். பிறகு ஒவ்வொரு இடத்தில் குத்திக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் இரண்டு நொடி மட்டும் திருப்பச் சொன்னேன். பேட்டரியில் 12.3. சாவி சுவிட்சுக்கு உள்ளே வருகிற ஒயரில் 12.1. சுவிட்சிலிருந்து வெளியே போகிற ஒயரில் 11.6. சொலனாய்டின் சின்ன முனையில் 7.4.

சுவிட்ச் கொஞ்சம் தேய்ந்திருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு அரை வோல்ட் தேயாமல் இருக்குமா? ஆனால் சுவிட்சுக்கும் செல்ஃபுக்கும் நடுவே 4.2 வோல்ட்டைக் காணோம். அந்த ஒயரைக் கையால் பின்தொடர்ந்து போனால், பேட்டரித் தட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றை முனைக் கப்ளர். வெள்ளையாக இருந்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் காபிக் கலரில் இருந்தது. பேட்டரி ஆசிட் ஆவி வருடக்கணக்கில் பட்டு உள்ளே பித்தளை பச்சை பூத்திருந்தது.

இதில் ஒரு கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சொலனாய்டு இழுக்கிற கரண்ட் 10 ஆம்பியர் என்று வை. 4.2 வோல்ட், 10 ஆம்பியர்: 42 வாட். ரேடியோ ரிப்பேர்காரர் கையில் இருக்கிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். சாவியைத் திருப்பிப் பிடிக்கிறவரை அந்தச் சுண்டுவிரல் கப்ளருக்குள் ஒன்றரை சால்டரிங் அயர்ன் சுட்டுக்கொண்டிருக்கிறது. செல்ஃப் ஒழுங்காக எடுக்கும் நாளில் சொலனாய்டு இழுத்த உடனே அதன் இரண்டு சுருளில் பெரிய சுருள் கரண்ட் குடிப்பதை நிறுத்திவிடும், கப்ளர் தப்பிக்கும். எடுக்காத நாளில் இரண்டு சுருளும் குடித்துக்கொண்டே இருக்கும், கப்ளர் சுடும், சொலனாய்டும் சுடும். சுட்டால் தடை ஏறும். ஏறினால் எடுக்காது. எடுக்கவில்லை என்று நீ மறுபடி திருப்புவாய். இவன் மணப்பாறையில் கோபத்தோடு திருப்பித் திருப்பிப் பார்த்த ஒவ்வொரு தடவையும் கப்ளர் இன்னும் கொஞ்சம் பழுத்திருக்கிறது. இரண்டாவது டீ செய்த ஒரே நல்ல காரியம், அவன் கையைச் சாவியிலிருந்து அரை மணி நேரம் எடுத்து வைத்ததுதான்.

“அப்ப பேட்டரி?”

“நல்லாத்தான் இருந்திருக்கும்.”

“செல்ஃபு?”

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய செல்ஃப் கம்பெனியில் வந்தது. கொடுத்துவிட்டு வந்தது ரீகண்டிஷன். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வேலை அரை மணி நேரம்தான். பேட்டரியை முதலில் கழற்றினேன். மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. டெர்மினலை வெந்நீரும் சோடா உப்பும் போட்டுக் கழுவி, இறுக்கினபின் மேலே வாசலின் தடவினேன். கையால் திருகினால் கிளாம்ப் அசையக் கூடாது. கிளாம்ப் லூசாக இருந்தால் செம்புக் கம்பியை ஆப்பு மாதிரி சொருகுகிற வழக்கம் உண்டு. புதுக் கிளாம்ப் மாற்றிவிடுவது எவ்வளவோ மேல். கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, புது லக் வைத்து நசுக்கி, உறை சுருக்கினேன்.

ரிலே ஒன்றும் போட்டேன். இதில் சிலருக்குக் கருத்து வேறுபாடு உண்டு. குற்றத்தைக் கண்டுபிடிக்காமல் ரிலே போட்டு மறைப்பதாகச் சொல்வார்கள். கண்டுபிடிக்காமல் போட்டால் அது மறைப்புதான். கண்டுபிடித்தபின் போட்டால் பழைய சாவி சுவிட்சுக்கு அது பென்ஷன். கடையில் 12 வோல்ட், 30 ஆம்பியர் ரிலே என்று கேட்டால் கொடுப்பார்கள். அடியில் 30, 85, 86, 87 என்று நான்கு எண்கள் இருக்கும். ஜெர்மன்காரர்களின் தர வரிசையில் வந்த எண்கள், இன்றைக்கும் அப்படியே. 30க்குப் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாகத் தடித்த ஒயர், 87லிருந்து சொலனாய்டுக்கு. 85 எர்த்தில், 86ல் சாவியிலிருந்து வரும் ஒயர். இனிமேல் சாவி சுவிட்ச் தூக்க வேண்டியது 10 ஆம்பியர் இல்லை; ரிலேயின் சுருள் குடிக்கிற கால் ஆம்பியருக்கும் குறைவான கரண்ட். மறுபடி வெயிலில் சுற்றிவிட்டு வந்து அளந்தோம். சொலனாய்டில் 11.8.

சாலையோரத்தில் சிலர் செய்கிற ஒன்றை மட்டும் செய்யாதே என்று சொல்லி அனுப்பினேன். செல்ஃப் எடுக்காவிட்டால் ஸ்க்ரூ டிரைவரைச் சொலனாய்டின் இரண்டு முனைக்கும் நடுவே வைத்துப் பொறி பறக்க ஸ்டார்ட் செய்வார்கள். வண்டி கியரில் இருந்தால் முன்னால் நிற்கிற ஆள் மேலேயே பாயும். எடுக்காவிட்டால் இரண்டாவது கியரில் தள்ளு. தள்ள ஆள் இல்லாவிட்டால் இரண்டாவது டீ.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மணப்பாறையிலிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரன், கடைக்காரர் கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிற சத்தம்.

“எடுத்துருச்சு மாமா. இதோட ஆறாவது தடவை. கடைக்காரர் வேற ‘என்ன சார், இப்பல்லாம் ஒண்ணுதானா’ங்கறார். அந்த பல்பைக் கழட்டிடட்டுமா? கால்ல இடிக்குது.”

“இருக்கட்டும். ஐப்பசி மழை முடியட்டும், அப்புறம் கழட்டு.”